ஸ்பாய்லர் எந்த இடத்தில் வேலை செய்கிறது?

கேள்வி இதுதான்: ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்னால் இருக்கிற ஸ்பாய்லர் காரை ரோட்டோடு அழுத்திப் பிடிக்கிறதா, இல்லை அழகுக்கு வைத்ததா? உங்கள் நண்பர்களில் ஒருவர் "அழுத்திப் பிடிக்கிறது, அது இல்லாவிட்டால் மணிக்கு 200 கி.மீ.-இல் பின்பக்கம் தூக்கிவிடும்" என்கிறார். இன்னொருவர் "உள்ளங்கை உயரத் தகடு ஒரு டன் காரை என்ன செய்துவிட முடியும், காற்றுத் தடை கூடுவதுதான் மிச்சம்" என்கிறார். கூடவே, சாதாரண காருக்கு ஒன்று வாங்கி மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வாதம் எங்கே நடந்தாலும் இரண்டு பேருமே அந்தத் தகட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். ஸ்பாய்லர் வேலை செய்வது பெரும்பாலும் தன் மேல் இல்லை, தனக்கு முன்னால் இருக்கிற பின் கண்ணாடி, டிக்கி மூடி இவற்றின் மேல்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற குழப்பங்கள் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அதனால் முதலில் அங்கே போவோம்.

கார் ஏன் தூக்குகிறது என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு. காரைப் பக்கவாட்டில் பார்த்தால் மேலே வளைவு, கீழே தட்டை, அதனால் மேலே போகும் காற்று அதிக தூரம் போக வேண்டும், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் பின்னால் சேர வேண்டும் என்பதால் வேகமாகப் போகிறது, வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று. பள்ளியில் விமான இறக்கைக்கும் இதையேதான் சொல்லிக் கொடுத்தார்கள். இதில் "ஒரே நேரத்தில் சேர வேண்டும்" என்கிற பகுதி தவறு. அப்படி எந்தக் கட்டாயமும் காற்றுக்குக் கிடையாது, இறக்கைகளில் அளந்து பார்த்தால் மேலே போன காற்று கீழே போனதைவிட முன்னதாகவே பின்முனையைத் தாண்டிவிடுகிறது.

சரியான விளக்கம் இதைவிட எளிமையானது. வளைந்து போகிற எதுவாக இருந்தாலும் அதை வளைவின் உள்பக்கமாகத் தள்ள ஒரு விசை வேண்டும். காற்றுக்கு அந்த விசை அழுத்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது. அதாவது காற்று வளைந்தால், வளைவின் உள்பக்கம் அழுத்தம் குறைவாகவும் வெளிப்பக்கம் அதிகமாகவும் இருந்தே தீரும். காரின் கூரை குவிந்த பரப்பு. அதன் மேல் ஒட்டிக்கொண்டு காற்று வளையும்போது உள்பக்கத்தில் இருப்பது கூரைதான், எனவே கூரையிலும் பின் கண்ணாடி கீழே சரியத் தொடங்கும் இடத்திலும் அழுத்தம் குறைகிறது. பானெட் முடிந்து முன் கண்ணாடி எழும்பும் மூலை குழிந்த பரப்பு. அங்கே காற்று மேல்நோக்கி வளைகிறது, வளைவின் வெளிப்பக்கத்தில் இருப்பது காரின் பரப்பு, அதனால் அழுத்தம் கூடுகிறது. குவிந்த இடத்தில் குறையும், குழிந்த இடத்தில் கூடும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு எந்தக் காரின் பக்கவாட்டுப் படத்தைப் பார்த்தாலும் எங்கே தூக்கும், எங்கே அழுத்தும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காரின் அடிப்பக்கமும் கணக்கில் உண்டு. புகைக்குழாய், சஸ்பென்ஷன் கைகள் என்று மேடுபள்ளமாக இருக்கும் அடிப்பகுதியில் காற்று தட்டுத்தடுமாறிப் போவதால் அங்கே அழுத்தம் மேலே உள்ள அளவுக்குக் குறைவதில்லை. மேலே குறைவு, கீழே அதிகம், மிச்சம் லிஃப்ட், அதாவது காரை மேலே தூக்கும் விசை.

இது எவ்வளவு இருக்கும் என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுவிடலாம். முன்பக்கப் பரப்பு 1.9 சதுர மீட்டர், பின் ஆக்சிலின் லிஃப்ட் குணகம் (காரின் வடிவம் எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.2 என்று வைத்துக்கொள்வோம். ஸ்பாய்லர் இல்லாத, பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்குகிற பழைய கூபே ஒன்றுக்கு இது மிகைப்படுத்தின எண் அல்ல. மணிக்கு 100 கி.மீ.-இல் பின் ஆக்சிலில் 18 கிலோ எடை குறையும். 200-இல் 72 கிலோ. 250-இல் 113 கிலோ. வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது என்பதால் 60-இல் அது ஆறேழு கிலோதான், எந்த ஓட்டுநராலும் உணர முடியாது. வாதம் செய்கிறவர்கள் ஒவ்வொருவரும் மனதில் வேறு வேறு வேகத்தை வைத்துக்கொண்டு பேசுவதால்தான் பாதி சண்டை வருகிறது.

72 கிலோ குறைந்தால் கார் பறந்துவிடாது. ஆனால் 1,200 கிலோ கார், பின் ஆக்சிலில் பாதி 600 கிலோ என்றால் அதில் 12 சதவீதம் போய்விட்டது, டயரின் பிடிப்பும் ஏறக்குறைய அதே விகிதத்தில் போகும். இப்போது அதே வேகத்தில் ஒரு நீண்ட வளைவில் இருக்கிறீர்கள், முன்னால் ஏதோ தெரிகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள். கார் முன்பக்கமாகச் சாய்ந்து, எடை பின்னாலிருந்து முன்னால் போகிறது. லேசான வேகக் குறைப்புக்கே, புவியீர்ப்பின் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு, இன்னொரு 48 கிலோ பின் ஆக்சிலை விட்டுப் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் 120 கிலோ, ஐந்தில் ஒரு பங்கு. முன் சக்கரங்கள் நன்றாகக் கடித்துக்கொண்டு நிற்க, பின் சக்கரங்கள் மட்டும் பிடியை விடுகின்றன.

இங்கேதான் பின்பக்க லிஃப்ட் ஏன் முன்பக்க லிஃப்ட்டைவிட மோசம் என்பது வருகிறது. முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் இலேசாகிவிடும், கார் திரும்ப மறுக்கும், அதை ஓட்டுநர் கையில் உணர்ந்துவிடுவார், வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். பின்பக்கம் லேசானால் முன்னறிவிப்பு கிடையாது, தெரியும்போது கார் ஏற்கெனவே சுழலத் தொடங்கியிருக்கும், வேகத்தைக் குறைக்கிற இயல்பான செயலே நிலைமையை இன்னும் கெடுக்கும். அதனால்தான் ஸ்பாய்லர் பற்றிய பேச்சு பிடிப்பைக் கூட்டுவது பற்றியது என்பதைவிட, முன்னுக்கும் பின்னுக்கும் இடையே உள்ள சமநிலை பற்றியது என்று நினைக்கிறேன். வளைவில் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வருகிற கேள்வி.

இதற்கு நிஜ உலகில் நடந்த உதாரணம் ஆடி டிடி. 1998-இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான கூரை, வட்டமான பின்புறம், பின்னால் எந்த விளிம்பும் இல்லாத சுத்தமான வடிவம். பார்த்தவர்கள் எல்லாரும் கொண்டாடிய கார் அது. மேலே சொன்ன விதியை வைத்துப் பாருங்கள், கூரையிலிருந்து பின் பம்பர் வரை எல்லாமே குவிந்த பரப்பு. 1999-இல் ஜெர்மன் ஆட்டோபானில் 180-க்கு மேல் போகும்போது சடாரென்று பாதை மாறினாலோ வளைவில் காலை எடுத்தாலோ கார் சுழன்று விபத்தாவது அடுத்தடுத்து நடந்தது, உயிர்கள் போயின. ஆடி காரைத் திரும்ப அழைத்து சஸ்பென்ஷனை மாற்றியது, பின்னால் ஒரு சிறிய ஸ்பாய்லரை வைத்தது, இஎஸ்பி என்கிற மின்னணு நிலைநிறுத்தும் அமைப்பையும் சேர்த்தது. இதை "பாருங்கள், ஸ்பாய்லர்தான் காப்பாற்றியது" என்று சிலர் சொல்வதுண்டு, அது முழு உண்மை ஆகாது, மூன்றும் சேர்ந்துதான் காப்பாற்றின. ஆனால் ஸ்பாய்லர் வெறும் அலங்காரம் என்று சொல்கிறவருக்கு இந்தக் கார் போதுமான பதில். தன் புகழுக்கே காரணமான அந்த வடிவத்தைக் கெடுத்துக்கொண்டு ஒரு நிறுவனம் சும்மா ஒரு விளிம்பை ஒட்டாது.

இப்போது அந்த விளிம்பு என்ன செய்கிறது என்பதைப் பார்க்கலாம். இதற்கு எனக்குத் தெரிந்ததிலேயே தெளிவான உதாரணம் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7, அதாவது பின்னால் வாத்துவால் எனப்படும், வாத்தின் வால் போல மேல்நோக்கித் திரும்பிய ஸ்பாய்லர் வைத்த 1973 மாடல். 911-இன் கூரை தலைக்கு மேலிருந்து பின் பம்பர் வரை ஒரே சரிவாக இறங்குகிறது, காற்றும் அதோடு ஒட்டிக்கொண்டே இறங்கும். எஞ்சின் வேறு பின் ஆக்சிலுக்கும் பின்னால். அந்தக் காருக்குப் பின்பக்க லிஃப்ட் இரட்டைத் தொல்லை. 1970-களின் தொடக்கத்தில் பந்தயங்களில் ஃபோர்டு கேப்ரியும் பிஎம்டபிள்யூ கூபேக்களும் வேக வளைவுகளில் 911-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. முன்பக்க லிஃப்ட்டைக் குறைக்க 911 எஸ்-இன் முன் பம்பருக்கு அடியில் ஏற்கெனவே ஒரு உதடு (கீழ்நோக்கி நீட்டிய விளிம்பு) வைத்திருந்தார்கள். பின்பக்கம்தான் பாக்கி. போர்ஷேயின் பொறியாளர்கள் ஹெர்மன் புர்ஸ்ட், டில்மன் பிராட்பெக், வடிவமைப்பாளர் ரோல்ஃப் வீனர் ஆகியோர் அந்த வாலை உருவாக்கினார்கள். 1972 ஆகஸ்ட் 5-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள், அதே ஆண்டு அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் கார் வந்துவிட்டது. பந்தய அனுமதிக்கு 500 கார்கள் விற்றால் போதும் என்று தொடங்கினார்கள், கடைசியில் 1,580 கார்கள் தயாரானது.

அந்த வாலைப் பக்கவாட்டில் பாருங்கள். கூரையிலிருந்து இறங்குகிற சரிவு முடியும் இடத்தில் மேல்நோக்கி ஒரு திருப்பம். அதாவது இதுவரை முழுக்கக் குவிந்த பரப்பாக இருந்த பின்பக்கத்தில் ஒரு குழிந்த மூலையை உருவாக்கியிருக்கிறார்கள். காற்று அங்கே மேல்நோக்கி வளைந்தே ஆக வேண்டும், எனவே அந்த மூலையில் அழுத்தம் கூடுகிறது. இந்த அழுத்த உயர்வு வாலின் தகட்டோடு நிற்பதில்லை. ஒலியைவிட மிகக் குறைந்த வேகத்தில் போகும் காற்றில், பின்னால் இருக்கிற தடையின் செய்தி முன்னால் வருகிற காற்றுக்கும் எட்டிவிடும். எஞ்சின் மூடி முழுக்க, பின் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வரை காற்று முன்கூட்டியே வேகம் குறைந்து அழுத்தம் ஏறுகிறது. தகட்டின் பரப்பு கொஞ்சம்தான், ஆனால் அதற்கு முன்னால் அழுத்தம் மாறுகிற பரப்பு அதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் "இத்தனூண்டு தகடு என்ன செய்யும்" என்கிற வாதம் நிற்பதில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் 300 பாஸ்கல் அழுத்தம் கூடினாலே 30 கிலோ ஆகிவிடும், 200 கி.மீ. வேகத்தில் காற்றின் இயக்க அழுத்தம் (மோதி நிற்கும் காற்று கொடுக்கும் அழுத்தம்) ஏறக்குறைய 1,850 பாஸ்கல், அதில் 300 என்பது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

இதனால் கார் கீழே அழுத்தப்படுகிறதா? பெரும்பாலான ரோட்டுக் கார்களில் இல்லை. 72 கிலோ தூக்கிக்கொண்டிருந்தது 20, 25 கிலோவாகக் குறைகிறது, அவ்வளவுதான். இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கொஞ்சமாக. உங்கள் நண்பர்களில் "அழுத்திப் பிடிக்கிறது" என்று சொன்னவர் விளைவைச் சரியாகச் சொல்லிவிட்டார், விதத்தைத்தான் மாற்றிச் சொன்னார்.

அடுத்தது காற்றுத் தடை. வாத்துவால் வைத்த பிறகு அந்தக் கார் வேகம் குறைந்ததா? போர்ஷே சொல்லும் கணக்குப்படி உச்ச வேகம் மணிக்கு 4.5 கி.மீ. கூடியது. முதலில் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், பின்னால் சரிந்து இறங்குகிற பரப்பில் அழுத்தம் குறைவாக இருந்தால் அந்த உறிஞ்சல் மேல்நோக்கி மட்டும் இழுப்பதில்லை, பரப்பு சாய்ந்திருப்பதால் பின்னோக்கியும் இழுக்கிறது. லிஃப்ட்டும் டிராக்கும் (காற்றுத் தடை) அங்கே ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள். உறிஞ்சலைக் குறைத்தால் இரண்டுமே குறையும். சரிவின் இரு ஓரங்களிலும் உருவாகிற சுழல்கள் இழுத்துக்கொண்டு போகும் ஆற்றலும் குறைகிறது. தகட்டின் முகத்தில் காற்று மோதுவதால் புதிதாக ஒரு தடை சேர்கிறது என்பது உண்மை, அது மிச்சம் பிடித்ததைவிடக் குறைவாக இருக்கும் வரை லாபம். ஆகவே இதில் ஒரு சரியான உயரம் உண்டு. அதற்குக் கீழே வைத்தால் பயன் முழுசாக வராது, அதற்கு மேலே ஏற்றிக்கொண்டே போனால் லிஃப்ட் தொடர்ந்து குறையும், ஆனால் டிராக் ஏறத் தொடங்கிவிடும். அந்த உயரம் காருக்குக் கார் மாறும், காற்றுச்சுரங்கத்தில் அல்லது ஓட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும். ஸ்பாய்லர் என்றாலே டிராக் கூடும் என்பதும் தவறு, குறையும் என்பதும் தவறு.

ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் இதன் ஆரம்பமே. 1961-இல் ஃபெராரியின் ஓட்டுநர் ரிச்சி ஜின்தர், இத்தாலியின் மோன்ஸா களத்தில் சோதனை செய்துகொண்டிருந்த 246 எஸ்பி என்கிற பந்தயக் காரின் பின் விளிம்பில் குட்டையாக ஒரு தகட்டை நிறுத்தி வைத்தபோது, வேகத்தில் அலைந்துகொண்டிருந்த கார் நிலைக்கு வந்தது. அடுத்த ஆண்டு வந்த 250 ஜிடிஓ-வின் முதல் கார்களில் இதே விளிம்பைத் தனியாகப் பொருத்தியிருந்தார்கள், பிறகுதான் அது உடலோடு சேர்த்தே அமைக்கப்பட்டது. சூத்திரம் முதலில் வரவில்லை, ஓட்டுநரின் முதுகுத்தண்டு சொன்னதுதான் முதலில் வந்தது.

இதைவிட எனக்குப் பிடித்தது போர்ஷே 917-இன் கதை. 1969-இல் அந்தக் கார் நீண்ட, தாழ்ந்து இறங்குகிற வாலோடு வந்தது. டிராக் மிகக் குறைவு. நேர் சாலையில் யாராலும் தொட முடியாத வேகம், ஆனால் ஓட்டியவர்கள் பயந்தார்கள், வேகத்தில் அது சாலையின் முழு அகலத்திலும் அலைந்தது. அந்த ஆண்டு பிரான்ஸின் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் சுற்றிலேயே ஜான் வூல்ஃப் அந்தக் காரில் இறந்துபோனார். சஸ்பென்ஷனை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீரவில்லை. அக்டோபரில் ஆஸ்திரியாவின் ஸெல்ட்வெக் களத்தில் சோதனை நடந்தது. போர்ஷேவுக்காகப் பந்தயத்தில் இறங்கவிருந்த ஜான் வயரின் அணியைச் சேர்ந்த பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன், ஓடி வந்து நின்ற காரைச் சுற்றிப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தார். காரின் முன்பக்கம், கண்ணாடி எல்லாம் கொசுக்கள் மோதிச் செத்து ஒட்டியிருந்தன. வாலின் மேல், அங்கிருந்த சிறு ஸ்பாய்லரின் மேல், ஒன்றுகூட இல்லை. காற்று வாலைத் தொடவே இல்லை என்று அர்த்தம். கூரையைத் தாண்டியதும் பிரிந்து மேலாகப் போய்விடுகிறது, காற்றே வராத இடத்தில் ஸ்பாய்லர் வைத்து என்ன பயன்? அங்கேயே அலுமினியத் தகடுகளை வெட்டி, வாலைக் குட்டையாக்கி, பின்னோக்கி மேலேறும்படி உயர்த்திக் கட்டினார்கள். அதன் பிறகு ஓட்டுநர்கள் களத்திலிருந்து இறங்க மனமில்லாமல் ஓட்டினார்கள், சுற்று நேரம் பல விநாடிகள் குறைந்தது. குட்டை வால் 917கே இப்படித்தான் பிறந்தது. 1970-இல் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் அட்வுட்டும் அதில் லு மான்ஸை வென்றார்கள், ஒட்டுமொத்தப் போட்டியில் போர்ஷேவுக்கு அது முதல் வெற்றி. காற்று எங்கே போகிறது என்று பார்க்காமல் ஸ்பாய்லரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

விங் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லாரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். உடலோடு ஒட்டியிருப்பது, அடியில் காற்று போகாதது ஸ்பாய்லர். தூண்களின் மேல் தனியாக நின்று, மேலும் கீழும் காற்று ஓடும்படி இருப்பது விங், தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கை. இது உண்மையிலேயே தன் பரப்பாலேயே கீழே அழுத்தும், காரின் லிஃப்ட்டைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கும் அளவுக்கு. 1956-லேயே மைக்கேல் மே என்கிற சுவிஸ் இளைஞர் தன் போர்ஷே 550-இன் மேல் ஒரு பெரிய விங்கைக் கட்டி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்துக்குக் கொண்டுவந்தார், பின்னால் வருகிறவர்களுக்குப் பார்வை மறைக்கிறது என்று பந்தயத்தில் அனுமதிக்கவில்லை. 1966-இல் அமெரிக்கரான ஜிம் ஹாலின் சப்பரல் 2இ என்கிற பந்தயக் காரில் விங் நேராகப் பின் சக்கரத் தாங்கிகளின் மேலேயே நின்றது, அழுத்தம் ஸ்பிரிங்கை அமுக்காமல் டயருக்கு நேரடியாகப் போய்விடும், ஓட்டுநர் காலால் மிதித்து நேர் சாலையில் அதைத் தட்டையாக்கிக்கொள்ளலாம். ஃபார்முலா ஒன் அணிகள் இதை அவசரமாகப் பின்பற்றி ஒல்லியான தூண்களில் கட்டின. 1969-இல் பார்சிலோனாவில் கிரஹாம் ஹில், யோகன் ரிண்ட் இருவரின் விங்குகளும் ஒரே பந்தயத்தில் ஒடிந்து மோதிய பிறகு, அடுத்து வந்த மொனாக்கோவில் உயர விங்குகளைத் தடை செய்துவிட்டார்கள்.

இன்றைய ரோட்டுக் கார்களில் இதற்கு நல்ல உதாரணம் 911 ஜிடி3 ஆர்எஸ். 200 கி.மீ.-இல் 409 கிலோ, 285-இல் 860 கிலோ டவுன்ஃபோர்ஸ் (கீழே அழுத்தும் விசை) என்று போர்ஷே சொல்கிறது. 285-ஐ 200-ஆல் வகுத்து இருமடி எடுத்துப் பாருங்கள், 2.03 வரும், 409-ஐப் பெருக்கினால் 830. வேகத்தின் இருமடி என்கிற விதி எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று தெரியும். இதற்கு விலையும் உண்டு. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த, 2021-இல் வந்த சாதாரண ஜிடி3, தானியங்கி கியரோடு 318 கி.மீ. போகும், ஆர்எஸ் 296-லேயே நின்றுவிடும். வாத்துவால் 4.5 கி.மீ. கொடுத்தது, இங்கே பெரிய விங்கும் அதோடு சேர்ந்த மற்ற மாற்றங்களும் 22 கி.மீ. எடுத்துக்கொண்டன. புகாட்டி வேய்ரானும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. விங் எழும்பி நிற்கும்போது 375 கி.மீ.-க்கு மேல் போக விடமாட்டார்கள். 400-ஐத் தாண்ட வேண்டுமானால் காரை நிறுத்தி, தனிச் சாவியைப் போட்டு, விங்கைத் தாழ்த்திக்கொண்டு கிளம்ப வேண்டும். ஊருக்குள் உள்ளே அமிழ்ந்திருந்து வேகத்தில் எழும்புகிற ஸ்பாய்லர்களுக்கும் இதே நியாயம்தான், 1989-இல் வந்த 964 வகை 911-இல் அது 80 கி.மீ.-இல் எழும்பும்.

சரி, உங்கள் காருக்கு வருவோம்.

முதலில் அடிக்கடி கேட்கிற ஒன்று, முன்சக்கரத்தால் ஓடும் காருக்குப் பின்னால் ஸ்பாய்லர் எதற்கு என்பது. இழுவிசைக்கு அதனால் பயன் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பே பார்த்த மாதிரி பின்பக்கத்தின் வேலை காரை நேராக வைத்திருப்பது. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் முன்னால் இருக்கிற காரில் பின் ஆக்சிலில் எடையே குறைவு, அதிலிருந்து 50 கிலோ போனால் விகிதத்தில் அது இன்னும் பெரிது. ஆகவே எந்தச் சக்கரம் ஓட்டுகிறது என்பதைவிட எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் கேள்வி. 100, 110-க்குள் ஓட்டுகிறீர்கள் என்றால் ஸ்பாய்லரால் ஓட்டுவதில் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அழகுக்காக வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறே இல்லை.

ஹேட்ச்பேக் கார்களில் கூரையின் பின்முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பலகை வேறு கதை. அங்கே காற்றுப் பிரிகிற இடத்தை ஒழுங்காக்கி, டிராக்கைக் கொஞ்சம் குறைக்கத்தான் அதை நிறுவனமே வைக்கிறது. அதைக் கழற்ற வேண்டாம்.

கடையில் வாங்கி டிக்கியில் மாட்டுகிற உயர விங்தான் எனக்குக் கவலை. ஒன்று, பல செடான்களில் பின் கண்ணாடி செங்குத்தாக இறங்குவதால் காற்று கூரை முனையிலேயே பிரிந்துவிடுகிறது. டிக்கிக்கு மேலே இருப்பது சுழன்றுகொண்டிருக்கும் செத்த காற்று, 917-இன் வாலில் இருந்த அதே நிலைமை. கூரை மட்டத்துக்கு ஏறாத விங் அதற்குள் நின்று எதையும் செய்யாது. இரண்டு, ஏறி நின்று நன்றாக வேலை செய்தால் அது வேறு பிரச்சினை. டிக்கியின் மெல்லிய தகடு 50, 60 கிலோ விசையைத் தாங்க வடிவமைத்தது அல்ல, நெளியும், கீல் தளரும், வேகத்தில் பிய்த்துக்கொண்டு போனால் பின்னால் வருகிறவர் கதி? மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. விங் பின் ஆக்சிலுக்கும் பின்னால் நிற்பதால் அது ஏற்றமரம் போல வேலை செய்கிறது, பின்முனையை அமுக்கினால் முன்முனை எழும்பும். இரு ஆக்சிலுக்கும் இடையே 2.5 மீட்டர், விங் பின் ஆக்சிலுக்கு அரை மீட்டர் பின்னால், 100 கிலோ அழுத்துகிறது என்றால் பின் ஆக்சிலில் 120 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 20 கிலோ குறையும். விங் உயரத்தில் நிற்பதால் அதன் டிராக்கும் காரைப் பின்னால் மல்லாத்தப் பார்க்கும், அதில் இன்னும் கொஞ்சம் போகும். முன்னால் ஒன்றும் செய்யாமல் பின்னால் மட்டும் பெரிய விங் வைத்த கார் வேக வளைவில் திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிப்பது இதனால்தான். ஜிடி3 ஆர்எஸ்-இல் ரேடியேட்டரை நடுவில் ஒன்றாக்கி, அதனால் கிடைத்த ஓர இடங்களில் அசையும் முன் இறக்கைகளை வைத்ததற்குக் காரணம் பின்னால் இருக்கிற அந்த ராட்சத விங்குக்கு ஈடுகட்டத்தான். வாத்துவாலுக்கு முன்பே போர்ஷே முன் பம்பர் உதட்டைச் செய்துவிட்டதையும் சேர்த்துப் பாருங்கள்.

பந்தயக் களத்துக்குக் காரைக் கொண்டுபோகிறீர்கள், நிஜமாகவே செய்து பார்க்க ஆசை என்றால் ஒரு பைசா செலவில்லாமல் தொடங்கலாம். கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, கூரையின் பின்பாதி, பின் கண்ணாடி, டிக்கி முழுக்க ஒரு சாண் இடைவெளியில் ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். களத்தில் 80, 90-இல் நீங்கள் ஓட்ட, பக்கத்துப் பாதையில் வரும் காரிலிருந்து இன்னொருவர் வீடியோ எடுக்கட்டும். நூல் பின்னோக்கி நேராகப் படிந்து கிடந்தால் காற்று ஒட்டிப் போகிறது, அந்தச் சரிவின் முடிவில் குட்டையான ஒரு விளிம்பு வேலை செய்யும். நூல் நாலா பக்கமும் துள்ளினால், இல்லை முன்னோக்கித் திரும்பிப் படுத்தால், காற்று அங்கே பிரிந்துவிட்டது, அந்த இடத்தில் எதை ஒட்டினாலும் வீண். படிந்து கிடக்கிற கார் என்றால் இரண்டு மூன்று செ.மீ. உயர விளிம்பில் தொடங்கி, ஏற்றி ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன்பாக, முன் பம்பருக்கு அடியில் ஒரு உதடு இருக்கிறதா, உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் செலவு அங்கேதான்.